நாளைக்கு மாடி

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சுகம். உன் மாமாவின் இடுப்பு மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது? உன் வயிற்று வலி தேவலையா? கேண்டீனில் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே, படிக்கும்போது எனக்கே வலிக்கும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்தாலும் மீதி உள்ளே இருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு ஓடி வந்தவள். பிழை இருந்தால் நீ படித்த பெரிய படிப்பை வைத்துத் திருத்திப் படித்துக்கொள்.

உன் மனைவி நர்ஸ் வேலைக்குக் கடல் தாண்டிப் போயிருக்கிறாள். நீ கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் கிடக்கிறாய். பிள்ளையை அக்காவிடம் கொண்டுவந்து விட்டது சரிதான். ஆனால் நீ விட்டுப்போனது பிள்ளையையா, அந்தத் தொடுதிரை டேப்பையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். டேப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. விலக்கிப் பார்த்தேன், உன் மகள். முகத்தை எப்போதும் உம்மென்று வைத்திருப்பதால் உம்மு என்று பெயர் வைத்துவிட்டேன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப்பை வாங்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும் அத்தை?"

"விளையாடு."

"எதை?"

"எதையாவது."

"எதையாவதுன்னா அது எங்க இருக்கு?"

கிண்டல் இல்லை, தம்பி. எழுந்து போய் அலமாரியில் தேடினாள். கட்டிலுக்குக் கீழே குனிந்தும் பார்த்தாள். 

டேப்பின் சார்ஜர் காணாமல் போய்விட்டது. காணாமல் போன இடம் எனக்குத் தெரியும். தேடத்தான் நேரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறும் ஏறக்குறைய நலம். மாமாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

சார்ஜரைத் தயவுசெய்து தேடு. டேப்பில் கணக்கு, ஆங்கிலம் எல்லாம் இருக்கிறது. அவள் வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியும், அக்கா. பொம்மைக் கம்பெனியில் என் வேலையே அதுதானே. ஓர் அறையில் நாலைந்து பிள்ளைகளை விட்டுப் புதுப் பொம்மையைக் கொடுப்போம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பிள்ளைகளுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, எங்களுக்கு ஜன்னல். எந்த இடத்தில் சலித்துப்போய்த் தலையைத் திருப்புகிறார்கள் என்று நான் குறிப்பேன். அந்த இடத்தில் ஒரு விளக்கோ ஓசையோ சேர்ப்போம். பிறகு தலை திரும்பாது.

உம்மு என்ற பெயர் நன்றாக இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். மாமா சுகமாகத் தூங்கிவிட்டார், பாத்திரம் கழுவுகிற நேரம் பார்த்து.

உம்முவுக்கு "எதையாவது" கிடைத்துவிட்டது! எங்கே தெரியுமா? மாடிப்படியில்.

ஒரு சாயங்காலம் உன் மாமா வேலை முடிந்து வந்து, வழக்கம்போல லிஃப்ட் கதை சொன்னார். அவருக்கு லிஃப்ட்டை விட்டால் வேறு கதை ஏது? "இன்னைக்கு ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு" என்றார். உம்மு நிமிர்ந்தாள்.

"நடுவுல என்ன மாமா இருக்கு?"

"என்ன இருக்கும்? சுவர்தான்."

"யாராவது நல்லா பாத்திருக்காங்களா?"

காலம் பூராவும் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், கையிலிருந்த டீயை ஆறவிட்டு யோசித்தார். "நல்லான்னு சொன்னா... பாத்ததில்ல" என்றார்.

அவ்வளவுதான் விதை. மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரர் துணியில் கோடு போடுகிற சாக்பீஸில் ஒன்று காணோம். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் ஒரு கட்டம் முளைத்திருந்தது. அதுதான் லிஃப்ட். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட்டே கிடையாது, அதனால் இதற்குப் போட்டி இல்லை. காவல்காரர் மகன் வக்கீலும் (எதற்கும் எதிர்வாதம் பேசுவான்), தையல்காரர் மகள் தக்காளியும் (கன்னம் அப்படி) கைகளை நீட்டிக் கதவாக நிற்பார்கள். உம்மு ஓட்டுகிறவள். இந்த லிஃப்ட் முதல் மாடி, இரண்டாம் மாடிக்கெல்லாம் போகாது. நடுவில் இருக்கிற மாடிகளுக்கு மட்டும்தான் போகும்.

மழை மாடி என்று ஒன்று. அங்கே மழை கீழேயிருந்து மேலே பெய்யுமாம். குடையைத் தலைகீழாகப் பிடித்துக் காலை அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் மறந்த மாடி ஒன்று. அங்கே போனால் எல்லோரும் பெயரை மறந்துவிடுவார்கள், பார்த்தவுடன் புதிதாக வைக்க வேண்டும். வக்கீலுக்கு அன்றைக்கு "வாளி" என்று வைத்தார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ரகளை. பாதி நேரம் விளையாட்டு, மீதி நேரம் சண்டை. சண்டையில்தான் சட்டதிட்டம் எல்லாம் பிறக்கிறது.

நேற்று லிஃப்ட் மாட்டிக்கொண்டது. "மாமா, கம்ப்ளெய்ன்ட்" என்று வந்து கூட்டிப்போனார்கள். உன் மாமா ஸ்பேனரோடு போய்த் தரையில் மல்லாந்து படுத்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு நட்டை முறுக்கினார். அப்போது இடுப்பு வலிக்கவில்லை, குறித்துக்கொள். "கேபிள் தேஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கு மேல ஏறாதீங்க" என்றார். நான் ஏறலாமா என்று கேட்டேன். மூன்று பேரும் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். "ஓவர்லோடு" என்றான் வக்கீல்.

வேலைக்குப் போக நேரமாகிறது. ஆஸ்பத்திரித் துணி எனக்காக மலையாகக் குவிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓவர்லோடு அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கைக்கு வந்ததும் எழுதுகிறேன்.

 இன்னும் எழுது, அக்கா. ஒன்று விடாமல் எழுது. மொத்தம் எத்தனை மாடி? ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டா? கதவு திறக்கும்போது என்ன சத்தம் போடுகிறார்கள்? எவ்வளவு நேரம் சலிக்காமல் ஆடுகிறார்கள்? பெண்பிள்ளைகளுக்கு அதிகம் பிடிக்கிறதா, பையன்களுக்கா?

சார்ஜர் இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் வயிற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவ்வளவு அவசரமா? என் கடிதத்துக்கு நீ இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதே இல்லை. போலீஸ்காரர் மாதிரி வரிசையாகக் கேள்வி வேறு. சரி, மகளைப் பார்க்காத அப்பன் கேட்கிறான் என்று சொல்கிறேன்.

மாடிகளுக்குக் கணக்கில்லை. கதவு திறக்கும்போது தக்காளி நாக்கால் "டொக்" என்பாள். சாப்பிடக் கூப்பிடும்வரை ஆடுவார்கள், கூப்பிட்ட பிறகும் ஆடுவார்கள். யாருக்கு அதிகம் பிடிக்கிறது என்றால், எனக்கு.

ஆமாம், என்னை ஏற்றினார்கள்! வேலை முடிந்து கனத்த பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். உம்மு என்ன நினைத்தாளோ, "அத்தை வாங்க. பையை வெளியில வெச்சிடுங்க" என்றாள். கட்டத்துக்குள் நின்றேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே, கேலி செய்ய வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நாளைக்கு மாடி. செருப்பைக் கையில எடுத்துக்கோங்க. நாளைக்கு இன்னும் தூங்குது" என்றாள்.

டொக். கதவு திறந்தது.

"பாத்தீங்களா அத்தை? நாளைக்கு எல்லாத்தையும் மடிச்சு மடிச்சு அடுக்கி வெச்சிருக்கு. உங்க ஆஸ்பத்திரித் துணி மாதிரியே. பிரிக்கக் கூடாது. தானா பிரியும்."

எதிரில் காரை உதிர்ந்த சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். ஆனால் தம்பி, நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாக, மேலே எதுவரைக்கும் போகிறது என்று தெரியாமல் அடுக்கு அடுக்காக. இஸ்திரி போட்ட சூடு முகத்தில் வந்து பட்டது. தினமும் துணி மடிக்கிறவள் நான். மடித்த துணியைத் தொட்டுவிடாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தது அன்றைக்குத்தான்.

உம்மு கீழே ஓர் இடத்தைக் காட்டினாள். என் காதோடு காதாகச் சொன்னாள்: "அதோ, அடியில இருக்கு பாருங்க, அதுலதான் அம்மா வருவா. மேல நிறைய இருக்குல்ல, இப்ப இழுத்தா எல்லாம் சரிஞ்சிடும்."

 பிறகு கதவு மூடியது. என் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், செருப்பு கையிலேயே இருந்தது.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். நீ யாரோ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத வெகுநாள் ஆகிவிட்டது. வேலை மூச்சுவிட விடவில்லை. வயிறு பரவாயில்லை.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கம்பெனியின் புதுப் பொருள், இன்னும் கடைக்கு வரவில்லை. பிள்ளைகளிடம் கொடுத்துப் பார். எப்படி ஆடுகிறார்கள் என்று எழுது. இங்கே எல்லோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு நல்ல பெயர்.

உம்முவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம்.

பார்சல் வந்தது. பிரிக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டது. பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் லிஃப்ட், உள்ளே நாலு பொம்மைகள், வரிசையாகப் பட்டன்கள். ஒரு பட்டனை அமுக்கினால் "மழை மாடி!" என்று ஒரு பெண்குரல். சளசளவென்று மழைச் சத்தம். இன்னொன்றை அமுக்கினால் "பெயர் மறந்த மாடி!" என்று பாட்டு. அதை மறைத்து வைக்கத்தான் எழுந்தேன். பிள்ளைகள் அதற்குள் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

நீ கேட்டபடி எப்படி ஆடினார்கள் என்று எழுதுகிறேன். ஆடவில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முறை வைத்துப் பட்டன் அமுக்கினார்கள். வாரம் பூராவும் படியில் ஒரு சண்டை கிடையாது. "அப்பாடா, இப்பத்தான் நிம்மதி" என்றார் தையல்காரர்.  உம்முவின் முகம், டேப் இருந்த நாட்களைப் போல, மறுபடி அந்த வெளிச்சத்தில் நீலமாக இருந்தது.

உம்மு ஒருதடவை மட்டும், "இது அந்த மழை இல்ல. மேலேயிருந்து பெய்யுது" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு வக்கீல் கடைசிப் பட்டனை அமுக்கினான். "நாளைக்கு மாடி! உங்கள் ஆச்சரியப் பரிசு காத்திருக்கிறது! பிரித்துப் பார்க்க அமுக்குங்கள், அமுக்குங்கள்!" ஒரே மேளதாளம்.

உம்மு எழுந்துவிட்டாள்.

"பிரிக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். பிறகு மெதுவாக, "என் மாடி அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வக்கீல், "நான் சொல்லல, சத்தியமா நான் கதவு" என்றான். தக்காளி அழவே ஆரம்பித்துவிட்டாள். உம்மு என் பக்கம் திரும்பினாள்.

"இதை யாரு அனுப்பினது அத்தை?"

அப்பா அனுப்பிய பார்சல் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை.

"கடையில வாங்கினேன்" என்றேன். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம வேலை செய்யற இடத்துல உன் மாடியைப் பத்தி நான்தான் உளறிட்டேன். எவனோ கேட்டுட்டுப் போயி செஞ்சுட்டான்."

அவள் என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கட்டத்தை அழித்தாள். ஒரு கோடு மிச்சமில்லாமல் அழித்தாள். என்னோடு பேசுவதில்லை. தலை பின்ன விடுகிறாள், சாப்பிடுகிறாள், பேசுவதில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை, நான் தடித்த தோல். ஆனால் அவள் நாளைக்கு உன்னையும் இப்படிப் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா நலமா?

கடிதம் படித்தேன். உம்மு விஷயம் நேரில் பேசுவோம்.

வேறு ஒரு விஷயம். கடைக்கு அனுப்பும் முன்னால் இன்னும் மூன்று மாடிகளாவது சேர்க்க வேண்டும் என்கிறார் மேலாளர். பிறகு மாதம் ஒன்று புதிதாக விற்பார்களாம். மாடிகள் என்னிடமிருந்துதான் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவர்கள் இப்போது என்ன ஆடுகிறார்கள் என்று கொஞ்சம் எழுது. கேட்கக் கூடாதுதான். கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா, மாமா, உம்மு எல்லோரும் அமோகமாக இருக்கிறோம்! உன் வயிறும் அமோகமாக இருக்கட்டும்.

நீ கேட்டாய், அக்கா எழுதாமல் இருப்பேனா? பிள்ளைகள் பிரமாதமாக ஆடுகிறார்கள். புது மாடிகள் மூன்று.

ஒன்று, துணி மடிக்கிற மாடி. அங்கே எல்லோரும் துணி மடிப்பார்கள். மடித்து முடித்தால் இன்னொரு துணி வரும். அதையும் மடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உயிர்.

இரண்டு, குறட்டை மாடி. அங்கே ஒரு மெக்கானிக் தூங்குவார். எழுப்பக் கூடாது, பாத்திரம் கழுவுகிற வேலை இருந்தாலும் எழுப்பக் கூடாது.

மூன்றுதான் இருப்பதிலேயே உயர்ந்தது, டோக்கன் மாடி. நீளமாக நாற்காலி போட்டிருக்கும். ஒரு டோக்கன் கொடுப்பார்கள். உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். நம் நம்பரைக் கூப்பிட மாட்டார்கள். நேரமானதும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வக்கீலும் உம்முவும் கைகோத்துக்கொண்டு, ஒரு சண்டை இல்லாமல், முறை தவறாமல் ஆடுகிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. தாராளமாகச் செய்து விற்கவும்.

இப்படிக்கு,
ஒத்துழைப்பு அக்கா


செப்டம்பர் 16

அக்கா,

நலம் என்று எழுதிவிட்டு மேலே எழுத முடியவில்லை, அதனால் நலத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை "ஒரு சண்டை இல்லாமல்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உம்முவும் வக்கீலும் சண்டையில்லாமலா? அப்படியென்றால் அங்கே விளையாட்டே இல்லை. கட்டத்தை அழித்தவள் திரும்பப் போடவே இல்லை. அதைத்தான் நீ எழுதாமல் எழுதியிருக்கிறாய் என்று புரிந்தது.

மூன்று மாடிகளையும் அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல், மேலாளரிடம் கொடுத்தேன். விற்காது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அவர் டோக்கன் மாடியைப் படித்துவிட்டு, "வாழ்க்கைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு" என்று தலையாட்டினார். குரல் பதிவு செய்து, விளக்கு வைத்து, கண்ணாடி அறைக்குப் பிள்ளைகளை வரவழைத்தார்கள். ஒரு சிறுமி துணியை மடிக்கச் சொன்னதும் "எங்க வீட்டுலயே இருக்கு" என்றாள். ஒரு பையன் டோக்கனை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கண்ணாடிப் பக்கம் வந்து, நேராக என் முகத்துக்கு எதிரே நின்று, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டான். அவனுக்கு நான் இருப்பது தெரியாது. ஆனால் என்னைத்தான் கேட்டான் என்று தோன்றியது.

பொருளை மூட்டை கட்டிவிட்டார்கள். கடைக்கு வராது. என்னைக் கண்ணாடி அறையிலிருந்து எடுத்து, உடைந்து திரும்பி வருகிற பொம்மைகளைப் பிரித்து வைக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். நல்ல இடம். யாரும் யாரையும் ஒளிந்து பார்ப்பதில்லை.

அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன். உம்முவிடம் நானே சொல்ல வேண்டும். நீ எனக்காக வாங்கிக்கொண்ட பழியை இறக்கி வை.

வயிறு வலிக்கிறது. நலம்.

தம்பி


அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் கண்டதையும் சாப்பிடவில்லையே? நாங்கள் சுகம். உன் மாமாவுக்குக் கூடுதல் வேலை வந்திருக்கிறது, கேள்.

நீ படியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ஒளிந்துதான். உன்னைச் சொல்லிவிட்டு நானே செய்தேன், என்ன செய்வது. "அத்தை எனக்கு எழுதினாங்க. உனக்கு ரகசியம்னு தெரிஞ்சே நான் எடுத்துட்டுப் போயிட்டேன்" என்று நீ சொன்னாய். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெளியே வந்து மண்டையில் ஒன்று போட்டிருப்பேன்.

அவள் உன் பக்கம் திரும்பாமல் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.  கடைசியில், மேல்படியில் உட்கார்ந்திருந்த வக்கீல்தான், "அப்ப அத்தைக்குக் குடுத்த தண்டனை தப்பு. திரும்ப வாங்கிக்கணும்" என்றான். அந்தப் பயலுக்கு நான் ஒரு சைக்கிளே வாங்கித் தரலாம், தரமாட்டேன், அது வேறு. உம்மு கதவுப் பக்கம் பார்த்து, "அத்தை, நீங்க அங்கதான் நிக்கறீங்க, கால் தெரியுது. வாங்க" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, என் காலைப் பற்றி.

அப்புறம் சாக்பீஸ் எடுத்தாள். நான் பழைய கட்டம் திரும்ப வரும் என்று நினைத்தேன். இல்லை. படியோரம் நீளவாக்கில் போட்டாள். "கம்பெனி லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும். இது பக்கவாட்டுல போகும்" என்றாள். "எப்படிப் போகும்?" என்று சண்டை ஆரம்பித்தான் வக்கீல். நீ கவனித்தாயா, அந்தச் சண்டைச் சத்தம் கேட்டதும் தையல்காரர் கீழேயிருந்து, "ஆரம்பிச்சிட்டாங்கய்யா" என்று கத்தினார். அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது. "மாமா, பக்கவாட்டுல போகுமா?" என்று கேட்டதற்கு உன் மாமா தாடையைச் சொறிந்துகொண்டு, "போகும். கேபிளைப் படுக்க வெச்சு மாட்டணும்" என்றார். இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறார். உன் பிளாஸ்டிக் லிஃப்ட்டில் தையல்காரர் பட்டன் போட்டு வைத்திருக்கிறார், சட்டைப் பட்டன்.

நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள், அச்சுப் போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள். அவள் அதே இடத்தில் குனிந்து, ஒரு துண்டு சாக்பீஸை வைத்து, அவர்கள் யாரும் போகாத திசை ஒன்றை உண்டாக்கிவிட்டாள். ஏழு வயது. எங்கிருந்து வருகிறது தம்பி இது?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன்னை உள்ளே கூப்பிட்டாள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நீ விழித்தாய். எத்தனை மாடி, என்ன பெயர் என்றெல்லாம் எழுதிக் கேட்டவனுக்கு ஒரு பக்கம் சொல்லத் தெரியவில்லை. பிறகு குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாய். டொக். நீங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றீர்கள். உன் முகத்தை நான் பார்த்தேன். சின்ன வயதில் உனக்கு ஜுரம் வந்த நாட்களிலிருந்து உன் முகத்தைப் பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அங்கே என்ன இருந்தது? உம்முவைக் கேட்டேன், "அப்பாவைக் கேளுங்க" என்கிறாள். ஒன்று விடாமல் எழுது.

ஆவலோடு,
அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். மாமா கேபிள் வேலையை அவசரமில்லாமல் செய்யட்டும். வயிற்று வலி இல்லை. எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை.

இங்கே நேற்று ஒரு மூட்டை வந்தது. எல்லாம் பேசுகிற பொம்மைகள், பேட்டரி தீர்ந்து வாய் மூடியவை. பிரித்து அடுக்கும்போது சத்தம் வராமல் மெதுவாக வைத்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன, தூங்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.

சார்ஜர் எப்போதாவது கண்ணில் பட்டால், படாத மாதிரியே இரு.

நீ கேட்டதற்கு வருகிறேன். கதவு திறந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். இறங்கினோம். இருந்தோம். திரும்பி வந்தோம்.

என்ன இருந்தது என்று எழுத மாட்டேன், அக்கா. உனக்குக்கூட எழுத மாட்டேன்.

அன்புடன்,
தம்பி